எல்கைப் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு: வெயிலில் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

விளாத்திகுளம் வட்டாரத்தில் கோயில் கொடைக்கு நோட்டீஸ் ஒட்டினால், இளவட்டங்களின் கண் முதலில் போவது மாட்டு வண்டி எல்கைப் பந்தயம் என்ற வரிக்குத்தான். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து, போக வர எத்தனை மைல் என்று அச்சடித்திருப்பார்கள். கிலோமீட்டர் வந்து அறுபது வருஷம் தாண்டியும் இந்தப் பந்தயத்துக்கு மட்டும் கணக்கு மைல்தான். புதூர், எட்டயபுரம், வேம்பார், சூரங்குடி, குளத்தூர் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் சாலையின் இரண்டு ஓரமும் ஆள் நிற்கும்.

நம் ஊரில் பந்தயம் என்றால் கட்டி வைத்த மைதானம் கிடையாது, வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது. பஸ் ஓடும் அதே தார்ச் சாலைதான் களம். பார்வையாளருக்கும் மாட்டுக்கும் நடுவே இருப்பது நாலடி மண் ஓரம் மட்டுமே. அதனால் இங்கே பார்க்க வருகிறவரும் பந்தயத்தில் ஒரு பங்கு. அவர் சரியாக நடந்துகொண்டால் மாடு ஓடும். நடந்துகொள்ளாவிட்டால் மாடும் விழும், மனிதனும் விழுவான். அடுத்த வருஷம் அனுமதியும் கிடைக்காது. கொடைகள் கூடுகிற பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில்தான் கரிசல் பூமியின் வெயிலும் உச்சத்தில் இருக்கிறது என்பதால் இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முந்தின நாளே

வெயிலில் நிற்கப் போகிற உடம்புக்கு முதல் நாள் ராத்திரியே தண்ணீர் ஏற வேண்டும். காலையில் எழுந்ததும் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடம்பில் ஏற்கெனவே தண்ணீர் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு செம்பு குடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும்.

பழைய சோற்று நீச்சத்தண்ணி, கம்பங்கூழ், மோர், இவற்றில் ஏதாவது ஒன்று உப்புப் போட்டு வயிற்றில் இருக்கட்டும். வெறும் டீயைக் குடித்துவிட்டு வந்து பதினொரு மணிக்குக் கண்ணைக் கட்டுகிறது என்று உட்காருகிறவர்களைப் பந்தயத்துக்குப் பந்தயம் பார்க்கலாம்.

ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டோ கரகாட்டமோ பார்த்துவிட்டு, தூங்காமல் அப்படியே பந்தயத்துக்கு வராதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பு வெயிலைத் தாங்காது. கொஞ்ச நேரமாவது படுத்து எழுந்து வாருங்கள்.

குடித்துவிட்டு வரவே வராதீர்கள். சாராயம், பீர் எதுவானாலும் உடம்பில் இருக்கிற தண்ணீரைச் சிறுநீராக இறக்கிவிடும். தாகமும் தெரியாது, ஆபத்தும் தெரியாது. ஓடுகிற வண்டிக்குக் குறுக்கே கையை நீட்டுகிற தைரியம் போதையில்தான் வரும்.

பிரஷருக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதிலும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவது நல்லது. சர்க்கரைக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கைக்குழந்தையை இந்த வெயிலுக்குக் கூட்டி வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. தாத்தா தோளில் உட்கார்ந்து பந்தயம் பார்க்கிற வயது அதற்கும் ஒரு நாள் வரும்.

எதை உடுத்தி, எதை எடுத்து

வெளிர் நிறப் பருத்திச் சட்டை, வேட்டி, தலைக்குத் துண்டு. இதற்கு மேலான பந்தய உடுப்பு எந்தக் கடையிலும் கிடையாது. துண்டை நனைத்துக் கட்டினால் இன்னும் நல்லது. பெண்கள் குடை எடுத்து வரலாம். ஆனால் சாலை ஓரத்தில் முன்வரிசையில் நின்றுகொண்டு குடையை விரிக்கக் கூடாது. பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்பது ஒரு பக்கம். வண்டி நெருங்கும்போது விரிந்த குடை அசைந்தால் மாடு மிரண்டு விலகும் என்பதுதான் பெரிய விஷயம். பளபளக்கும் பலூன், கண்ணாடித்தாள் கொடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

காலில் செருப்பு வேண்டும், அதுவும் குதிகாலோடு கட்டுகிற செருப்பாக இருந்தால் நல்லது. வண்டி வரும்போது சட்டென்று பின்வாங்க நேரிடும். ரப்பர் செருப்பு அந்த நேரத்தில் காலை விட்டுக் கழன்றுவிடும். நிழலுக்கு ஒதுங்கலாம் என்று பார்த்தால் நம் சாலை ஓரங்களில் இருப்பது வேலிக்கருவை. அதன் முள் மெல்லிய செருப்பைக் குத்திக்கொண்டு மேலே வரும். வண்டி டயரையே விடாது. அந்த அரைகுறை நிழலுக்காக உள்ளே நுழைகிறவர்கள் காலடியைப் பார்த்து வைக்க வேண்டும். வேப்பமரமோ புளியமரமோ இருக்கிற இடமாகப் பார்த்து விடிவதற்குள் போய் இடம் பிடிப்பவர்தான் கெட்டிக்காரர்.

ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். நடுவில் கடை இருக்கும், கமிட்டிக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்திருப்பார்கள் என்று நம்பி வெறுங்கையோடு வரக்கூடாது. வண்டிகள் திரும்புகிற எல்கைக்குப் பாதி வழியில், இரண்டு ஊருக்கு நடுவே, கரிசல் காட்டை ஒட்டி நிற்கிறவருக்கு எந்தப் பந்தலும் எட்டாது. பந்தயம் முடிகிற வரை சாலை அடைத்திருப்பதால் நினைத்த நேரத்தில் ஊருக்குத் திரும்பவும் முடியாது.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு சட்டைப்பையில் இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. உப்பைக் கூட்டிப் போடக் கூடாது. கலர் சோடா இதற்கு மாற்று ஆகாது, அதில் இருப்பது சர்க்கரை மட்டுமே. பதநீர் பருவமாக இருந்தால், விடியலில் இறக்கிய பதநீரும் நுங்கும் கிடைக்கும் பக்கம் நாம் இருக்கிறோம். அதை விட்டுவிட்டுப் பாட்டிலைத் தேட வேண்டியதில்லை. மிச்சம் வைத்து உச்சிப் பொழுதில் குடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வெயில் ஏற ஏறப் பதநீர் புளித்துவிடும்.

வெயிலைக் கணக்குப் பண்ணும் விதம்

செய்தியில் 38 டிகிரி என்று சொன்னால் அது நிழலில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது. நீங்கள் நிற்கப் போவது தார்ச் சாலை ஓரத்தில். ஒரு பக்கம் தார், இன்னொரு பக்கம் கரிசல் மண். இரண்டும் கறுப்பு, இரண்டும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு கீழேயிருந்து அனலைத் திருப்பித் தருபவை. அதனால் செய்தியில் சொல்லும் எண்ணை நம்பி நிற்காதீர்கள்.

கடலை ஒட்டிய ஊர்களில் நடக்கும் பந்தயத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. வேம்பார் பக்கம் கடற்காற்று வருகிறது, வெயில் தெரியவில்லை என்பார்கள். நம் உடம்பு குளிர்வது வேர்வை வடிவதால் இல்லை, வடிந்த வேர்வை உலர்வதால். ஈரக்காற்றில் வேர்வை உலராது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். இந்திய வானிலைத் துறை வெப்ப அலை என்று பேசத் தொடங்க சமவெளிக்கு 40 டிகிரியை அளவாக வைத்திருக்கிறது, கடற்கரைக்கு 37 போதும் என்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது.

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை பார்ப்பவர்கள் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி விடுகிறார்கள். வெயிலோடு தினமும் வாழ்கிறவர்கள் வகுத்த நேரம் அது. பந்தயத்துக்கும் அதுவே பொருந்தும். காலை 6 மணிக்குத் தொடங்குகிற பந்தயத்துக்குப் போங்கள். தலைவர் வரவில்லை, கொடியசைக்க ஆள் வரவில்லை என்று 9 மணி வரை மாடுகளைப் பூட்டி நிறுத்துகிற இடத்தில் கமிட்டிக்காரர்களிடம் போய்க் கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம்: “அண்ணாச்சி, மாடு நிக்குது, வெயில் ஏறுது, விட்டுருங்க.” நாலு பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும். முதலில் பெரிய மாடு விட்டு, கடைசிப் பிரிவு ஓடும்போது உச்சிவெயில் வந்துவிடுகிறது. கடைசியில் ஓடுவது சின்ன மாடுகள். கூட்டமும் அதற்குள் வாடிப்போயிருக்கும்.

சாலை ஓரத்தில் நிற்கும்போது

கூட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதை மோட்டார் பந்தயம் நடத்துகிறவர்கள் உயிர் கொடுத்துக் கற்றார்கள். 1955 ஜூன் 11 அன்று பிரான்சில் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு கார் இன்னொரு காரில் ஏறி, கூட்டத்தை ஒட்டிய மேட்டில் மோதிச் சிதறியது. அதன் துண்டுகள் பறந்து 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு சுவிட்சர்லாந்து வட்டப்பாதைக் கார் பந்தயங்களையே தடை செய்தது. கூட்டத்துக்கும் பாதைக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்பது உலகத்துக்கு உறைத்தது அப்போதுதான். நம் சாலையில் அந்த இடைவெளியை யாரும் கட்டித் தரப்போவதில்லை. நாமாக விட வேண்டும்.

- தார் விளிம்பிலிருந்து பத்தடியாவது தள்ளி நில்லுங்கள். கமிட்டி கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்கு வெளியே. கயிற்றைப் பிடித்து முன்னால் சாய்வது வெளியே நிற்பதாகாது.

- வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். வேகத்தில் வருகிற வண்டி திரும்பும்போது வெளிப்பக்கம்தான் சரியும். பந்தய வண்டி இலேசாகச் செய்தது, பாரம் கிடையாது. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அப்படியே தூக்கி எறியும். கடையாணி கழன்றால் சக்கரம் தனியாக ஓடி வரும், அது எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

- இரண்டு பக்கமும் பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான். எல்கைப் பந்தயத்தில் வண்டி போன வழியிலேயே திரும்பும். முந்தின வண்டி எல்கைக் கொடியில் திரும்பி எதிரே வந்துகொண்டிருக்கும்போது, பிந்தின வண்டி இன்னும் போய்க்கொண்டிருக்கலாம். ஒரு ஜோடியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே சாலைக்குள் இறங்கியவர் முதுகுப்பக்கம் அடுத்த ஜோடி வந்து நிற்கும். நிற்கும் என்பதுகூடத் தவறு. மாட்டுக்கு பிரேக் கிடையாது. சாரதி கயிற்றை இழுத்துப் பிடித்தாலும் அந்த வேகம் அடங்கச் சில நூறு அடி ஆகும்.

- பாலத்துக் கைப்பிடிச் சுவர், டிரான்ஸ்பார்மர் மேடை, டிராக்டர் டிரெய்லரின் பக்கப்பலகை, இவற்றின் மேல் ஏறி நிற்காதீர்கள். வெயிலில் தலை சுற்றினால் தரையில் நிற்கிறவன் உட்காருவான், மேலே நிற்கிறவன் விழுவான்.

- செல்போனில் படம் எடுக்கலாம், நின்ற இடத்திலிருந்து. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வண்டி தூரத்தில் வருவதாகத்தான் தெரியும். முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. டிரோன் பறக்க விடுகிறவர்கள் மாட்டின் தலைக்கு மேலே கொண்டு வராதீர்கள். அந்த ரீங்காரத்தில் மாடு மிரளும்.

சாலை ஓரத்தில் வீடு உள்ளவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அன்று காலை ஆடு, கோழி, நாய் எல்லாவற்றையும் கட்டிப்போடுங்கள். 2011-இல் நொய்டா பக்கம் புத்தா சர்வதேசக் களத்தில் முதல் இந்திய ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய பாதையில் முதல் பயிற்சியின்போதே ஒரு தெருநாய் ஓடி, பயிற்சியை நிறுத்த வைத்தது. வேலியும் காவலும் இருந்த இடத்திலேயே அது நடந்தது என்றால் நம் சாலைக்குக் கேட்க வேண்டுமா?

பைக்கில் துரத்துவது

இதற்குத் தனியாக இடம் ஒதுக்கக் காரணம் உண்டு. இன்றைக்கு மாட்டு வண்டிப் பந்தயத்தின் பெரிய ஆபத்து மாட்டிடமிருந்து வரவில்லை, அதன் பின்னால் போகும் மோட்டார் சைக்கிளிடமிருந்து வருகிறது. கொடி அசைந்ததும் வண்டிக்குப் பின்னால் பைக்குகள் கிளம்புகின்றன. ஒரு வண்டியில் மூன்று பேர், ஹெல்மெட் கிடையாது, நடுவில் உட்கார்ந்தவன் கையில் செல்போன், பின்னால் இருப்பவன் எழுந்து நின்று துண்டைச் சுழற்றுகிறான். ஹாரன் இடைவிடாமல் அடிக்கிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டு வருகிறவர்களும் உண்டு. மாட்டுக்கு முன்னாலும் பைக், பக்கத்திலும் பைக். திரும்பி வரும் வண்டிகளுக்கு வழியே இல்லை.

பைக்கில் இருப்பவன் கண் சாலையில் இல்லை, மாட்டின் மேல் இருக்கிறது. முன்னால் போகிற பைக் வழுக்கினால் பின்னால் வருகிற அத்தனையும் அதன் மேல் ஏறும். அவற்றுக்குப் பின்னால் இரண்டு மாடும் ஒரு வண்டியும் முழு வேகத்தில் வருகின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் தென்மாவட்டங்களில் உண்டு. மாட்டுக்கும் இது கொடுமை. வெயிலில் மூச்சு வாங்கி ஓடுகிற மாட்டின் மூக்குக்கு நேரே எஞ்சின் சூடும் புகையும் அடிக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. பைக்கை ஊர்க்கோடியில் நிழல் பார்த்து நிறுத்துங்கள், சாவியைச் சட்டைப்பையில் போடுங்கள், நடந்து போய் ஓர் இடத்தில் நில்லுங்கள். முழுப் பந்தயமும் பார்க்க முடியவில்லையே என்றால், புறப்படும் இடத்திலோ எல்கையிலோ நின்று பாருங்கள். நம் ஜோடி ஜெயிக்கிறதா என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மாட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் பின்னால் போக வேண்டியிருந்தால் கமிட்டி அனுமதித்த ஒரு வண்டி போதும், அதுவும் தூரம் விட்டு. அப்பா, சித்தப்பா, மாமா முறையில் இருக்கிறவர்கள் அன்று காலை வீட்டுப் பையன்களின் பைக் சாவியை வாங்கி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

காரில் வருகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே தூங்க வைத்துப் போகக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். ஆம்புலன்ஸ் போக ஒரு பக்கம் வழி விட்டுத்தான் எந்த வண்டியையும் நிறுத்த வேண்டும்.

மாட்டுக்காக

மாட்டுக்கு வாயில்லை. அதற்காகப் பேச வேண்டியது பார்க்கிறவர்கள்தான்.

ஓடி முடித்த மாட்டைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். அது நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், வாயில் நுரை தள்ளியிருக்கும், விலா ஏறி இறங்கும். அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது காற்று. தொட்டுக் கும்பிடுவது, கழுத்தில் மாலை போடுவது, பக்கத்தில் நின்று படம் எடுப்பது எல்லாம் அரை மணி நேரம் கழித்து. தண்ணீர் காட்டுவதையும் மேலே ஊற்றுவதையும் வளர்த்தவரிடம் விட்டுவிடுங்கள். எவ்வளவு ஆற விட வேண்டும், எப்போது காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

ஓடுகிற மாட்டைக் கூட்டத்திலிருந்து குச்சியால் தட்டுவது, வாலைப் பிடிப்பது, பட்டாசு கொளுத்திப் போடுவது, விசில் ஊதுவது ஒன்றும் கூடாது. தார்க்குச்சியால் குத்துகிற சாரதியை யாராவது பார்த்தால் கைதட்ட வேண்டாம், கமிட்டியிடம் சொல்லுங்கள். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடுத்தது. 2017-இல் மெரினாவிலிருந்து தமிழ்நாடு முழுக்க எழுந்த போராட்டமும், அதைத் தொடர்ந்து வந்த சட்டத் திருத்தமும், 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரச் சட்டங்கள் செல்லும் என்று சொன்னதும் நமக்குத் தெரியும். இத்தனை கஷ்டப்பட்டு மீட்ட ஒன்றை ஒரு வீடியோவில் ஒருவன் மாட்டை அடிக்கிற காட்சி திரும்பவும் நீதிமன்றத்துக்கு இழுத்துவிடும்.

சாப்பிட்ட பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாக்கெட் எதையும் சாலை ஓரத்தில் போட்டுவிட்டு வராதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர் பாக்கெட் தமிழ்நாட்டில் தடை. தடை இருக்கட்டும், நாளைக்கு அதே ஓரத்தில் மேய வருவது நம் ஊர் மாடுகள்தான். பந்தய மாட்டைக் கும்பிட்டுவிட்டு மேய்ச்சல் மாட்டுக்கு பிளாஸ்டிக்கைத் தீனியாக வைப்பது நியாயமா?

பணம் கட்டிச் சூதாடாதீர்கள். தோற்ற கோபம் கடைசியில் மாட்டின் மேலோ சாரதியின் மேலோ போய் முடிகிறது.

இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறவர்களுக்கு

நம் பக்கத்துப் பையன்கள் கோவில்பட்டியில் ரயிலேறி சென்னைக்கு மோட்டார் பந்தயம் பார்க்கவும் போகிறார்கள். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் பந்தயம் நடத்திவிட்டு, 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தக் களம் கட்டியது. பாதை 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி விளக்கு வெளிச்சத்தில் இரவுப் பந்தயம் நடந்தது. வெயிலுள்ள ஊர்களில் இரவில் ஓட்டுவதே நல்ல வழி என்பது என் கருத்து. பகல் பந்தயமானால் மேலே சொன்ன தண்ணீர், துண்டு, ஓ.ஆர்.எஸ். கணக்கு அப்படியே பொருந்தும். அதோடு,

- காதுக்குப் பஞ்சு போதாது, அடைப்பான் வேண்டும். பிள்ளைகளுக்குக் காதை முழுக்க மூடும் கவசம். எஞ்சின் சத்தத்தில் அடிபட்ட காது முழுசாகத் திரும்புவதில்லை.
- கொடிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது முடிவு. மார்ஷல் கை காட்டினால் கேள்வி கேட்காமல் நகருங்கள்.
- வேலி தாண்டாதீர்கள், கார் கவிழ்ந்து உதவி செய்யத் தோன்றினாலும். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டுகிறவர்களே வெயிலுக்குத் தோற்றிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 2023 கத்தார் ஃபார்முலா ஒன் பந்தயம் இரவில்தான் நடந்தது. அப்படியும் ஒருவர் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்துக்கொண்டு ஓட்டினார், இன்னொருவர் உடம்பு தாளாமல் பாதியில் விலகினார். வருஷம் முழுக்கப் பயிற்சி எடுக்கிற உடம்புகள் அவை. அதன் பிறகு உலக மோட்டார் சம்மேளனம் வெப்ப விதி ஒன்றைக் கொண்டு வந்தது. வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் எச்சரிக்கை அறிவித்து, குளிர்விக்கும் உள்சட்டைக்கான கருவிகளைக் காரில் பொருத்தச் சொல்கிறது. 2025 அக்டோபரில் சிங்கப்பூரில் அது முதன்முறையாக அறிவிக்கப்பட்டது. நமக்கு 31 டிகிரி என்பது மார்கழி மதியம். சித்திரையில் நிற்கிற நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பக்கத்தில் ஒருவர் விழுந்தால்

கெண்டைக்கால் பிடித்து இழுப்பது முதல் அடையாளம். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் இரண்டாவது. இந்தக் கட்டத்தில் நிழலில் உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார். தேறியதும் வீட்டுக்கு அனுப்புங்கள். இன்னும் ஒரு ரவுண்டு பார்த்துவிட்டுப் போகிறேன் என்றால் விடாதீர்கள்.

பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பிதற்றினால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வேர்வை நின்றுவிடும் என்று சொல்வார்கள். வேர்த்துக்கொண்டே வெப்பத் தாக்கு வருவதும் உண்டு, அதனால் வேர்வையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் குளிர வைக்கத் தொடங்குங்கள். சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, நாலு பேர் துண்டால் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நனைத்த துணியோ ஐஸோ வையுங்கள். மாட்டுக்கு ஊற்றக் கொண்டு வந்த குடத் தண்ணீர் இருந்தால் அதையே ஊற்றலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். பந்தயப் பாதையில் ஆம்புலன்ஸ் வர வேண்டுமென்றால் கமிட்டியிடம் சொல்லி அடுத்த பிரிவை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு உயிரைவிடப் பந்தயம் அவசரமில்லை.

செய்யக்கூடாதவை: நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள், இந்தச் சூட்டை அது இறக்காது. கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக் காற்றை மறைக்காதீர்கள். சாமி வந்திருக்கிறது என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டு விட்டுவிடாதீர்கள். கொடை நாளில் அப்படி நினைக்கத் தோன்றும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். விளாத்திகுளத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்குத் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் உடம்பு குளிர்கிறதோ அவ்வளவுக்குப் பிழைப்பார்.

முடிந்து திரும்பும்போது பிள்ளைகள் கண்மாயிலோ வைப்பாற்று மணல் பள்ளத்திலோ குளிக்க இறங்கினால் தடுத்து நிறுத்துங்கள். மணல் அள்ளிய இடத்தில் ஆழம் மேலேயிருந்து தெரியாது.

விழாக் கமிட்டியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நோட்டீஸில் பரிசுத் தொகைக்கும் நன்கொடையாளர் பெயருக்கும் மேலே, பெரிய எழுத்தில் இரண்டு வரி போடுங்கள்: பந்தயம் காலை 6 மணிக்குத் தொடங்கும். வண்டிக்குப் பின்னால் பைக் வரக்கூடாது.